எண்ணெய்க் கோலும் இரு கோடுகளும்

எருதுக்கு வாய் உண்டு. பசித்தால் அது கத்தும். தாகித்தால் நாக்கைத் துருத்தும். கால் நொந்தால் தாங்கித் தாங்கி நடந்து தன் துன்பத்தை உழவனுக்கு உணர்த்தும். அதன் கண்ணைப் பார்த்தே நோயறிந்த முதியவர்கள் நம் ஊர்களில் இருந்தனர். எருதின் இடத்தில் வந்து நின்ற டிராக்டருக்கோ அத்தகைய வாய் இல்லை. அது முறையிடும் நாளில், அதாவது எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசி ஓலமிடும் நாளில், பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவேதான் அப்பொறியைச் செய்தோர் அதன் விலாப்புறத்தில் ஒரு கோலைச் செருகி வைத்தனர். மெல்லிய எஃகுத் தகடு, நுனியில் இரண்டு கோடுகள், வேறொன்றும் இல்லை. டிப்ஸ்டிக் என்று பட்டறைகளில் வழங்கும் அதனை நாம் எண்ணெய்க் கோல் என்று கூறுவோம். எஞ்சினின் நலத்தை நாள்தோறும் கேட்டறிவதற்கு உழவனுக்கு வாய்த்த எளிய வழி அதுவே.

சங்க மலர் ஒன்றில் எண்ணெய்க் கோலுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வியக்கலாம். வியப்பதற்கில்லை. அச்சுக்கு நெய்யிடுதல் தமிழருக்குப் பழந்தொழில். மேடும் பள்ளமும் கடந்து செல்லும் உப்பு வணிகர், வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்கினார். நம் பாட்டனார் காலத்து மாட்டுவண்டிகளில் வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த வண்டி மை இருந்தது. அம்மை வற்றிய சக்கரம் ஊர் முழுதும் கேட்கக் கிறீச்சிடும். கேட்டவரெல்லாம் வண்டிக்காரனை வைவர். மசகு என்னும் சொல்லும் அவ்வழக்கிலிருந்தே நமக்கு வந்துளது. ஆக, உராயும் இரண்டு பொருள்களுக்கு இடையே நெகிழ்ச்சியைக் காப்பது எங்ஙனம் என்னும் வினா நமக்குப் புதிதன்று. சக்கரத்தின் கிறீச்சொலி மட்டுமே இப்போது எஞ்சினின் இரைச்சலில் மறைந்துவிட்டது.

வடபுலத்தில் டிராக்டர் வேரூன்றிய வரலாறும் நமக்கு முற்றிலும் அயலானதன்று. நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில், மத்திய இந்தியாவின் கரிசல் நிலங்களைக் கவ்வியிருந்த நாணற்புல்லை வேரறுக்க மத்திய அரசு டிராக்டர்ப் படை ஒன்றை அமைத்தது. 1955-இல் நருமதைக் கரையிலுள்ள புத்னியில் டிராக்டர்ப் பயிற்சி நிலையம் தோன்றிற்று. 1956-இல் சோவியத் நாடு அளித்த பொறிகளைக் கொண்டு இராசத்தானத்துச் சூரத்கரில் பெரும்பண்ணை எழுந்தது. 1959-இல் ஃபரிதாபாதில் இந்நாட்டு முதல் டிராக்டர் செய்து முடிக்கப்பெற்றது. 1960-இல் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் வழியே சென்னைச் செம்பியமும் இத்தொழிலில் இடம்பெற்றது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து குட்டைக் கோதுமை விதை 18,000 டன் அளவில் கப்பலேறி வந்தபோது, உணவமைச்சராக அதனைத் துணிந்து வரவழைத்தவர் சி. சுப்பிரமணியம், ஆய்வு வயல்களில் அவ்விதைக்காக உழைத்த அறிஞர்களில் முன்னின்றவர் எம். எஸ். சுவாமிநாதன். அவ்விதைக்கு நீரும் உரமும் வேண்டியிருந்தன. அவற்றினும் மேலாகக் காலந்தவறாத உழவு வேண்டியிருந்தது. அந்த விரைவை எருதால் தர இயலவில்லை. பஞ்சாபிலும் அரியானாவிலும் டிராக்டர்கள் பெருகின. பிஞ்சோரில் 1971-இலும், மொகாலியில் 1974-இலும் புதிய டிராக்டர்கள் வெளிவந்தன. இன்று உலகில் மிகுதியான டிராக்டர்களைச் செய்யும் நாடு நம் நாடே.

1978-இல் பணி நிமித்தமாக நாங்கள் ஹிசாருக்குக் குடிபெயர்ந்தோம். நகரின் விளிம்பில் எங்களுக்கு வாடகைக்கு வீடு தந்தவர் ஒரு ஜாட் உழவர். ஊரார் அவரைத் ‘தாவூ’ என்று அழைத்தனர். நம் மொழியில் பெரியப்பா என்று பொருள்படும் சொல் அது. எங்கள் பிள்ளைகளும் அவ்வாறே அழைக்கத் தொடங்கினர். தஞ்சையில் உள்ள பெரியப்பாவை ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே கண்ட அக்குழந்தைகளுக்கு, முற்றத்தில் கயிற்றுக் கட்டிலிட்டு அமர்ந்து உக்கா புகைக்கும் அப்பெரியவரே நாள்தோறும் காணும் பெரியப்பா ஆனார். முற்றத்தின் ஒரு புறத்தில் எருமைகள். மறுபுறத்தில் முப்பத்தைந்து குதிரைத்திறன் கொண்ட டிராக்டர். விடியலில் எருமைக்குத் தீனி வைத்துவிட்டு, தேநீர் அருந்துமுன் அவர் டிராக்டரின் அருகே சென்று கோலை உருவிப் பார்ப்பார். எங்கள் வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் இடும் வேளையும் அதுவே. இரண்டு கோல வேலைகளும் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன என்று வீட்டார் நகைப்பர்.

எஞ்சினின் அடியில் தொட்டி போன்றதொரு பகுதி உள்ளது. சம்ப் என்பர். இத்தகைய டிராக்டர்களில் அது பெரும்பாலும் 6 முதல் 8 லிட்டர் வரை எண்ணெய் கொள்ளும். எஞ்சின் ஓடும்போது ஒரு பம்ப் அவ்வெண்ணெயை உறிஞ்சி, வடிகட்டியின் வழியே செலுத்தி, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் பேரிங்குகளுக்கும் மேலுள்ள வால்வு உறுப்புகளுக்கும் அனுப்புகிறது. எண்ணெயின் பணி வழவழப்பைத் தருதல் மட்டும் என்று கருதுவோர் உளர். அது நான்கு பணிகளைச் செய்கிறது. உராய்வைத் தணித்தல் ஒன்று. பிஸ்டனிலும் பேரிங்கிலும் எழும் வெப்பத்தை ஏந்திக்கொண்டு வந்து கீழே ஆற்றுதல் இரண்டு. கரியையும் நுண்ணிய இரும்புத் துகளையும் கழுவிச் சுமந்து வடிகட்டியில் சேர்த்தல் மூன்று. பிஸ்டன் வளையங்களுக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து, அழுத்தம் கசியாமல் காத்தல் நான்கு. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலம் மயிரிழையினும் மெல்லியது. அப்படலம் அறாதவரை இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. அறுந்த நொடியில் தேய்மானம் தொடங்கிவிடுகிறது.

பார்க்கும் முறையிலும் ஒழுங்கு உண்டு. முதலாவது, வண்டி சமதரையில் நிற்றல் வேண்டும். சாய்ந்த தரையில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிக் கோலைப் பொய்பேசச் செய்யும். இரண்டாவது, எஞ்சின் ஓய்ந்திருத்தல் வேண்டும். ஓடி நின்ற உடனே பார்த்தால், மேலே ஏறிய எண்ணெய் இன்னும் வடிந்து இறங்காமையால் அளவு குறைந்து தோன்றும். பத்துப் பதினைந்து நிமிடமேனும் பொறுத்தல் நலம். இரவெல்லாம் நின்ற வண்டியை விடியலில் பார்ப்பது அதனினும் நலம். மூன்றாவது, கோலைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பின்பே உருவ வேண்டும். அன்றேல் வயலின் மணல் எஞ்சினுக்குள் புகும். நான்காவது, முதன்முறை உருவியதும் அளவைப் பார்த்தல் கூடாது. வண்டி ஆடியபோது தெறித்த எண்ணெய் கோல் முழுதும் அப்பியிருக்கும். நூல் உதிராத தூய துணியால் அதனைத் துடைத்து, மீண்டும் அடிவரை செருகி, உருவிப் பார்க்கும்போது தெரிவதே மெய்யான அளவு. அது கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையே, மேற்கோட்டை ஒட்டி நின்றால் அன்றைய உழவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

கீழ்க்கோட்டுக்குக் குறைந்தால் நேர்வது என்ன? பம்பின் வாய் எண்ணெயில் முழுதும் மூழ்காது. வரப்பு ஏறும்போதும் வாய்க்கால் இறங்கும்போதும் எஞ்சியுள்ள எண்ணெய் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். எண்ணெய் வரவேண்டிய பேரிங்குக்குச் சில நொடிகள் வெறுங்காற்று வரும். குறைந்த எண்ணெயே மிகுதியான வெப்பத்தைச் சுமக்க நேர்வதால் அதுவும் விரைவில் சீர்கெடும். ஈற்றில் பேரிங் உருகித் தண்டைக் கவ்விக்கொள்ளும்; எஞ்சின் பிடித்துவிட்டது என்பர் ஓட்டுநர். ஓட்டுநருக்கு முன்னுள்ள எண்ணெய் விளக்கு எரிந்தால் தெரியாதோ எனின், அவ்விளக்கு காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தையே அன்றி அளவை அன்று. அழுத்தம் வீழ்ந்து விளக்கு எரியும் நேரத்தில் கேடு வாயிலைக் கடந்து உள்ளே வந்திருக்கும். அது எரிந்தால் எஞ்சினை அக்கணமே நிறுத்துவது ஒன்றே செய்யத்தக்கது.

குறைவைக் கண்டு அஞ்சும் நம்மவர் மிகுதியைக் கண்டு அஞ்சுவதில்லை. இருக்கட்டுமே என்று ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றுவோர் பலர். விருந்தினர் இலையில் வேண்டாம் என்ற பின்னும் ஒரு கரண்டி சோறு வைக்கும் அன்பு இது, எஞ்சினுக்கு ஆகாது. மேற்கோட்டை மிகக் கடந்த எண்ணெயில் கிராங்க் ஷாஃப்டின் எடைகள் சுழன்று மோதி, அதனைத் தயிர் கடைவதுபோலக் கடையும். எண்ணெய் நுரைக்கும். நுரைத்த எண்ணெயில் காற்று கலந்திருப்பதால் பம்ப் அனுப்பும் அழுத்தம் குறையும். மிகுதியாக ஊற்றியும் பேரிங் பட்டினி கிடக்கும் விந்தை அப்போது நிகழ்கிறது. சீல்கள் கசியும், மூச்சுக்குழாய் வழியே எண்ணெய் எஞ்சினின் வாயை அடைந்து, புகைபோக்கியில் நீலப் புகை எழும். டீசல் எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாக உண்டு, எரிபொருளை நிறுத்திய பின்னும் அடங்காது ஓடிய நிகழ்ச்சிகளும் உண்டு. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மிகுதியையும் குறைவையும் ஒருங்கே நோய்க்குக் காரணமாக வைத்தார் வள்ளுவர். கோலில் இரண்டு கோடுகள் இருப்பதும் அக்காரணம் பற்றியே.

இனி, மூன்றாவதொரு நிலை உண்டு. கோல் சரியான அளவைக் காட்டும். ஆயினும் எஞ்சின் அழிந்துகொண்டிருக்கும். இதனை 1983-ஆம் ஆண்டு கார்த்திகைத் தொடக்கத்தில் தாவூவின் முற்றத்தில் நாங்கள் கண்டோம்.

அவ்வாண்டு தாவூவுக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. ஒரு கண் கட்டப்பட்டிருக்க, மற்றொன்றும் மங்கலாக, அவர் கட்டிலிலேயே இருக்க வேண்டியதாயிற்று. வயல் மகன் பொறுப்பில். டிராக்டர் கூலிக்கு அமர்ந்த இளைஞன் ஒருவன் பொறுப்பில். கோதுமை விதைப்புக்கு முன் ‘பலேவா’ என்று நிலத்துக்கு ஒரு முறை நீர் பாய்ச்சுவர். அவ்வீரம் பதமாக நிற்பது சில நாள்களே. பதத்தில் உழுது விதைத்தால் முளை ஒன்றுபோல் எழும். நாள் தள்ளித் தள்ளி விதைத்த கோதுமை, கதிர் முற்றும் பங்குனி வெயிலில் சிக்கி மணி சுருங்கும். ஆகவே அந்நாள்களில் அரியானத்து உழவர் உறக்கத்தையும் பொருட்படுத்தார். மகனோ வங்கிக் கடனில் பாதியை இன்னும் கட்டவில்லை. ஒவ்வொரு விடியலும் அவனுக்குக் கணக்காகவே விடிந்தது.

ஒரு நாள் மாலை தாவூ ஓட்டுநரை அழைத்து, எண்ணெய் எவ்வளவு ஊற்றினாய் என்று வினவினார். “ஊற்றவே இல்லை தாவூ, பத்து நாளாக ஒரு சொட்டும் குறையவில்லை. இன்று காலை மேற்கோட்டுக்குச் சற்று மேலேயே நிற்கிறது. நல்ல எஞ்சின்” என்றான் அவன் பெருமையாக. மகனும் மகிழ்ந்தான். முதியவரின் முகம் மட்டும் மாறிற்று. “இந்த எஞ்சின் விதைப்புக் காலத்தில் வாரத்துக்கு அரை லிட்டர் குடிக்கும் பழக்கம் உள்ளது மகனே. குடிப்பதை அது ஏன் நிறுத்திற்று?” என்று கேட்டார். எவரும் விடை கூறவில்லை. கோலைத் தம் கட்டிலுக்கே கொண்டுவரச் சொன்னார்.

கண் தெரியாத அப்பெரியவர் கோலின் நுனியிலிருந்த எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்தார், மூக்கருகே கொண்டுசென்றார். பின் எங்கள் வீட்டிலிருந்து பழைய செய்தித்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஒரு சொட்டு விடச் சொன்னார். நடுவே கருத்த புள்ளி நின்றது. சிறிது நேரத்தில் அதனைச் சுற்றி, கரி இல்லாத ஈர வளையம் ஒன்று விரிந்து பரவிற்று. அதனைக் கண்ணால் கண்டு சொன்னவர்கள் எங்கள் பிள்ளைகள். “டீசல்” என்றார் தாவூ. “எண்ணெய் குறையாமல் இல்லை, குறைந்த இடத்தை டீசல் நிரப்புகிறது. நாளை வண்டி வயலுக்குப் போகாது.”

மகன் கொதித்தான். இன்னும் ஐந்து ஏக்கர் எஞ்சியுள்ளது என்றும், ஈரம் இரண்டு நாளைக்கே நிற்கும் என்றும், விதைப்பை முடித்துவிட்டுப் பழுது பார்ப்போம் என்றும் வாதிட்டான். “கோலில் அளவு சரியாக இருக்கிறதே பாபு” என்றான். தந்தை குரலை உயர்த்தவில்லை. “அளவு சரி. எண்ணெய்தான் எண்ணெயாக இல்லை” என்றார். அன்றிரவு அவ்வீட்டில் அடுப்பெரிந்தும் உண்டவர் இலர். ஐந்து ஏக்கர் விதைப்பை இழப்பதா, கடனில் வாங்கிய எஞ்சினைப் பணயம் வைப்பதா என்பது அவர்களுக்கு ஓராண்டின் உணவைப் பற்றிய வினா.

மறுநாள் நகரத்துப் பட்டறையிலிருந்து மிஸ்திரி வந்தார். சம்பின் அடித்திருகைக் கழற்றியதும் எண்ணெய் கஞ்சித் தண்ணீர்போல் நீர்த்து ஒழுகிற்று. டீசல் பம்பின் தண்டைச் சுற்றியிருந்த சீல் தேய்ந்து, அதன் வழியே டீசல் உள்ளே கசிந்து சம்பில் சேர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் உண்ட எண்ணெயும் உள்ளே கசிந்த டீசலும் ஏறத்தாழ ஒத்திருந்தமையால், முதற்சில நாள்கள் கோலில் மாற்றமே தெரியவில்லை. கசிவு மிஞ்சிய பின்னரே மட்டம் உயர்ந்தது. பம்பைக் கழற்றிச் சீலை மாற்றி, வடிகட்டியை மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பேரிங்குகளில் தேய்மானம் தொடங்கியிருந்ததாயினும் தண்டில் கீறல் விழவில்லை என்றார் மிஸ்திரி. மூன்று ஏக்கரை அண்டை உழவரின் டிராக்டரை வாடகைக்கு அமர்த்தி விதைத்தனர். மீதி இரண்டு ஏக்கரில் ஈரம் போய்விட்டது. அதற்கு மீண்டும் நீர் பாய்ச்சி, மார்கழி பிறக்கும் தறுவாயில் விதைத்தனர். வைகாசிக்கு முன் அறுவடையானபோது அவ்விரண்டு ஏக்கரின் மணிகள் மெலிந்தே இருந்தன. அந்த இழப்பைத் தாவூ மறைக்கவில்லை. மூட்டைகளைத் தனியே அடுக்கச் செய்து, மகனுக்கு எதிரிலேயே எண்ணினார். அதே பருவத்தில் அடுத்த ஊரில் ஓர் உழவரின் எஞ்சின் விதைப்பின் நடுவில் பிடித்துவிட்டது. தண்டைக் கடைந்து, லைனரும் பிஸ்டனும் பேரிங்கும் புதிதாக இடவேண்டி வந்தது. அவர் எருமை இரண்டை விற்றார். அச்செய்தி வந்த நாளுக்குப் பின் மகன் அந்த இரண்டு ஏக்கரைப் பற்றிப் பேசியதை நாங்கள் கேட்டதில்லை.

உயரும் மட்டம் தாழும் மட்டத்தினும் கொடியது என்பதை அன்று அறிந்தோம். தானே ஊற்றாத எண்ணெய் தானே பெருகாது. பெருகினால் டீசலோ, ஆறவைக்கும் நீரோ உள்ளே புகுந்துளது என்று கொள்ளல் வேண்டும். நீர் கலந்தால் எண்ணெய் பால்விட்ட தேநீர்போல் வெளுக்கும். டீசல் கலந்தால் நீர்த்து மணக்கும். கருமை நிறத்தை மட்டும் கண்டு அஞ்ச வேண்டா. டீசல் எஞ்சினில் புதிய எண்ணெயும் சில நாளிலேயே கறுக்கும்; கரியைச் சுமப்பது அதன் தொழில். மாற்ற வேண்டிய காலத்தை நிறத்தால் அறியாது மணிக்கணக்கால் அறிதல் வேண்டும். பழைய டிராக்டர்கள் பலவற்றுக்கு 250 மணிக்கு ஒரு முறை என்பது வழக்கம். புதியவற்றுள் சிலவற்றுக்கு அது நீளும். வண்டியோடு வரும் கையேடே இதில் சான்று. எண்ணெயின் தரமும் அவ்வாறே. 15டபிள்யூ40, 20டபிள்யூ40 என்று தகரத்தின்மேல் காணும் எண்கள் குளிரிலும் வெம்மையிலும் அது எவ்வளவு இளகும் என்பதைக் குறிப்பன. தை மாதத்தில் புல்நுனி உறையுமளவு குளிர்ந்து, வைகாசியில் 45 பாகையைத் தாண்டும் ஹிசார் போன்ற ஊரில் அவ்வெண்களுக்குப் பொருள் உண்டு.

மற்றொன்றும் கூறல் தகும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் காற்றை வடிகட்டும் பாத்திரத்திலும் எண்ணெய் உண்டு. அதற்கும் ஒரு கோடு உண்டு. உள்ளே வரும் காற்று அவ்வெண்ணெயில் தூசியை உதறிவிட்டு எஞ்சினுக்குச் செல்லும். சித்திரையில் கதிரடிக்கும் நாள்களில் வடபுலத்து வானமே உமித்தூசியால் மங்கும். அந்நாள்களில் அப்பாத்திரத்தை நாள்தோறும் பார்த்து, சேறு படிந்தால் கழுவி, கோட்டளவே எண்ணெய் இடுதல் வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதனையும் உறிஞ்சிக்கொள்ளும். இவற்றையெல்லாம் கற்பிப்பதற்கென்றே புத்னியிலும், 1963 முதல் ஹிசாரிலும் மத்திய அரசின் பண்ணைப்பொறிப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. அங்கே பயின்ற ஓட்டுநர் ஒருவர் ஊரில் இருந்தால் அவ்வூரின் எஞ்சின்கள் நீடு வாழ்கின்றன. வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல் தகரத்தில் சேர்த்துவைத்து, முறையாகத் திரும்ப எடுப்போரிடம் கொடுத்தல் கடமை. நஞ்சேறிய அவ்வெண்ணெய் மண்ணில் இறங்கினால் எளிதில் நீங்காது.

அரியானாவில் தீபாவளிக்கு மறுநாள் விசுவகர்மா நாள். அன்று கருவிகளைக் கழுவித் திலகமிட்டு ஓய்வளிக்கின்றனர். நாம் ஆயுத பூசையில் சந்தனமும் குங்குமமும் இடுவது போன்றதே அது. இரண்டு விழாக்களையும் அவ்வீட்டு முற்றத்தில் நாங்கள் கண்டிருக்கிறோம். எங்கள் சுண்டல் அவர்களுக்கும், அவர்களின் அல்வா எங்களுக்கும் சென்றுள்ளன. ஒரு நாள் வழிபாடு கருவிக்குப் பெருமை சேர்க்கும். எஞ்சிய நாள்களில் அதனைக் காப்பது விடியலில் கோலை உருவும் கையே என்பதைத் தாவூவைப் போன்றோர் நன்கறிவர்.

ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு இக்கோல் வேறொன்றையும் நினைவூட்டலாம். பிள்ளைகள் தமிழை மறக்கின்றனர் என்று நம்மிடையே கவலை உண்டு. குறைவதை மட்டுமே நாம் பார்க்கிறோம். ஆயினும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுதும் பேசிக்கொண்டுதான் இருந்தனர். பேச்சின் மட்டம் குறையவில்லை. ஒரு நாள் தஞ்சையிலிருந்து வந்த பாட்டி அவர்களிடம் கதை கேட்டபோதுதான், அவ்வளவு பேச்சிலும் பாட்டிக்குப் புரியும் சொற்கள் எத்துணைச் சில என்று தெரிந்தது. இதனால் இந்தியையோ அரியானவியையோ நாம் பகைக்க வேண்டுவதில்லை. டீசல் எஞ்சினுக்கு உணவு. அது இன்றி வண்டி ஓர் அடியும் நகராது. அதன் இடம் வேறு, எண்ணெயின் இடம் வேறு. எங்கள் பிள்ளைகள் தாவூவிடம் அவர் மொழியில் பேசுவதும் பாட்டியிடம் பாட்டியின் மொழியில் பேசுவதும் வேண்டும் என்று விரும்பினோம். அதன்பின் இரவு உணவு வேளையில் பாட்டிக்குக் கடிதம் எழுதும் வழக்கத்தை வீட்டில் ஏற்படுத்தினோம். வாரம் ஒரு கடிதம், பிள்ளைகளின் கையெழுத்திலேயே. அது எங்கள் வீட்டின் கோலாக அமைந்தது.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் பலர்க்கு ஊரில் நிலம் இருக்கலாம். தம்பியோ மைத்துனரோ அதனைப் பார்த்துக்கொள்ள, இங்கிருந்து பணம் அனுப்பி டிராக்டர் வாங்கிக் கொடுத்தவர்களும் இருக்கலாம். பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவ்வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு அமையாது, விடியலில் அதன் அருகே செல்லுங்கள். சமதரையில் நிற்கிறதா என்று பார்த்து, கோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி உருவுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று நோக்கி, விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஓட்டுகின்றவரிடம், சென்ற வாரம் எவ்வளவு ஊற்றினீர் என்று அன்போடு கேளுங்கள். ஊற்றவே இல்லை என்று அவர் பெருமையாகக் கூறினால், அன்று வண்டியை வயலுக்கு அனுப்புமுன் ஒரு பழைய செய்தித்தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.